பட்டன் இருக்கும்போதே குறையும் பிடிப்பு

பஞ்சர் கடையில் பைக்கை நிறுத்தி, "இந்த டயர் இன்னும் எவ்வளவு தூரம் வரும்?" என்று கேளுங்கள். கடைக்காரர் குனிந்து பின்சக்கரத்தைப் பார்ப்பார். "பட்டன் நல்லாத்தானே இருக்கு. இன்னும் ஐயாயிரம் ஓட்டலாம்ணே" என்பார். அவர் சொன்னது பொய்யில்லை. காய்ந்த தார்ச்சாலையில் அந்த டயர் அவ்வளவு தூரம் ஓடத்தான் செய்யும். ஆனால் ஓடுவது வேறு, பிடிப்பது வேறு.

அட்வெஞ்சர் பைக்கின் டயரில் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள், தீர்வதற்கு வெகு முன்பே பிடிப்பு குறையத் தொடங்குகிறது. அதுவும் எல்லாத் தரையிலும் ஒன்றுபோல் குறைவதில்லை. தாரில் நன்றாக நிற்கும் டயர் சேற்றில் கைவிடும். சேற்றில் நிற்கிற டயர், மழை நனைத்த தாரில் வழுக்கும். உங்கள் டயர் எந்தத் தரையில் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை நீங்களே வீட்டு வாசலில் கண்டுபிடிக்க இந்த அத்தியாயம் உதவும். ஆழம், உருவம், ரப்பரின் நிலை மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கப் பழக வேண்டும். ஆழத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் நம்மில் பெரும்பாலோர் செய்யும் தவறு.

தேவையான அளவுக்குக் கோட்பாடு

தார், சிமென்ட், பாறை போன்ற கெட்டித் தரையில் ரப்பர் அதன் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அழுந்திப் பிடிக்கிறது. அதற்கு ரப்பர் மென்மையாக இருக்க வேண்டும். மண், சேறு, சரளையில் பட்டன்கள் தரைக்குள் இறங்கி விளிம்பால் உந்துகின்றன. அதற்குப் பட்டன் உயரமாகவும் விளிம்பு கூராகவும் இருக்க வேண்டும்.

நெடுஞ்சாலையிலேயே ஓடும் பைக்கில் உயரம் முதலில் போகும். எப்போதாவது எடுக்கும் பைக்கில் உயரம் அப்படியே இருக்க, ரப்பர் கெட்டிப்படும். பள்ளிப் பையின் அடியில் வருடக்கணக்கில் கிடந்த அழிரப்பர் எழுத்தை அழிக்காமல் தாள்மேல் வழுக்குமே, அதே மாற்றம்தான். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ஆக்சிஜனும் திரும்பத் திரும்பச் சூடாகி ஆறுவதும் இதைச் செய்கின்றன. விரிசலைத் தடுக்க ரப்பருக்குள் மெழுகும் சில ரசாயனங்களும் சேர்த்திருப்பார்கள். டயர் ஓடி வளையும்போதுதான் அவை மேற்பரப்புக்கு ஒழுங்காக வந்து சேரும். மாதக்கணக்கில் நிற்கும் பைக்கின் டயர் சீக்கிரம் விரிசல் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோட்பாடு இவ்வளவு போதும்.

கையில் இருக்க வேண்டியவை

பட்டன் ஆழம் அளக்கும் கருவி, உங்களுக்கே சொந்தமான காற்றுமானி, ஒரு அடி நீள ஸ்கேல், சாக்பீஸ், டார்ச், ஒரு நோட்டு. ஆழமானி விலை குறைந்த பொருள். பெட்ரோல் பங்க் காற்றுமானிகள் ஒன்றுக்கொன்று மாறுபடும் என்பதால், எப்போதும் உங்கள் காற்றுமானியையே ஆதாரமாக வையுங்கள்.

சோதனை: வரிசை மாறாமல்

1. காலையில், பைக்கை எடுப்பதற்கு முன் தொடங்குங்கள். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டிலோ பேடாக் ஸ்டாண்டிலோ நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, நியூட்ரலில் வையுங்கள். சக்கரத்தைக் கையால் மட்டுமே சுழற்ற வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, சுழலும் சக்கரத்தைத் தடவிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் விரல் போனால் திரும்பி வராது.

2. முதலில் காற்றை அளந்து எழுதுங்கள். டயர் சூடான பிறகு அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும்.

3. டயரைத் துடைத்து, மெதுவாகச் சுற்றியபடி ஆணி, கண்ணாடிச் சில், சீமைக் கருவேல முள் எதுவும் ஏறியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் சாக்பீஸால் வட்டமிடுங்கள், பிடுங்காதீர்கள். பஞ்சர் ஒட்டும் பொருட்கள் கைக்கு வந்தபின் பிடுங்கலாம்.

4. ஆழத்தை அளவிடுங்கள். நடு, இடத் தோள், வலத் தோள் என மூன்று இடம். சக்கரத்தைச் சுற்றி மூன்று புள்ளிகளில் இதையே செய்தால் ஒரு டயருக்கு ஒன்பது எண்கள் கிடைக்கும். சில டயர்களில் பட்டன்களுக்கு இடையே பாலம்போலத் தாழ்ந்த ரப்பர் இணைப்பு இருக்கும். அதன்மேல் கருவியை வைத்தால் ஆழம் குறைவாகக் காட்டும். பள்ளத்தின் உண்மையான அடியில் வையுங்கள்.

5. தேய்மானக் குறியைத் தேடுங்கள். டயரின் பக்கவாட்டில் முக்கோணமோ TWI என்ற மூன்று எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு சிறிய மேடு தெரியும். இரு சக்கர வாகன டயர்களில் அந்த மேட்டின் உயரம் பொதுவாக 0.8 மி.மீ. பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது. அதுவரை நல்ல டயர் என்று அதற்குப் பொருளில்லை.

6. உள்ளங்கையை டயரின்மேல் வைத்து முன்னோக்கித் தடவுங்கள், பிறகு பின்னோக்கி. ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் கையைத் தடுப்பதாகவும் இருந்தால், பட்டன்கள் ரம்பப் பல்லாகத் தேய்ந்திருக்கின்றன.

7. ஸ்கேலை டயரின் குறுக்கே வையுங்கள். புது டயரில் நடுவில் மட்டும் தொட்டு, இருபுறமும் இடைவெளி விடும். பின் டயரில் ஸ்கேல் விரலிரண்டு அகலத்துக்கும் மேலாகப் பட்டையாகப் படிந்தால் டயர் சதுரமாகிக்கொண்டிருக்கிறது.

8. பிறந்த தேதியைப் படியுங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2722 என்றால் 2022ஆம் ஆண்டின் 27ஆவது வாரத்தில் செய்தது. இந்த எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். காணவில்லை என்றால் மறுபக்கம் பாருங்கள்.

9. கட்டைவிரல் நகத்தால் தோளிலுள்ள ஒரு பட்டனை அழுத்துங்கள். நல்ல ரப்பரில் நகம் பதிந்து, தடம் மெல்ல மறையும். நகம் வழுக்கினால் சந்தேகப்படுங்கள். பட்டனை விரலால் ஒருபக்கம் சாய்த்து, அதன் அடியில் டார்ச் அடியுங்கள். விரிசல்கள் முதலில் தோன்றுவது அங்கேதான்.

10. கடைசியாக, டியூப் உள்ள டயர் என்றால், டியூபின் மவுத் (காற்றடிக்கும் வால்வு) நேராக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால், குறைந்த காற்றில் ஓட்டியபோது டயர் ரிம்மின்மேல் நழுவி, டியூபையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அப்படியே விட்டால் மவுத் வேரோடு கிழியும். அது ஒட்ட முடியாத பஞ்சர்.

எல்லா எண்களையும் ஓடோமீட்டர் கணக்கோடு எழுதி வையுங்கள். இந்த நோட்டு இல்லாமல் அடுத்து வரும் எதையும் சரியாகச் செய்ய முடியாது.

குறிப்பு: ரப்பரின் கடினத்தை அளக்கும் ட்யூரோமீட்டர் வைத்திருப்பவர்கள், புது டயர் போட்ட அன்றே ஒருமுறை அளந்து எழுதுங்கள். பின்னால் அளக்கும்போது ஏறக்குறைய அதே வெப்பநிலையில், அதே பட்டனில் அளக்க வேண்டும். மார்கழிக் காலையில் அளந்ததையும் சித்திரை நண்பகலில் அளந்ததையும் ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவீர்கள்.

தேய்ந்த விதத்தைப் படிப்பது

டயர் எவ்வளவு தேய்ந்தது என்பதைவிட எப்படித் தேய்ந்தது என்பதே அதிகம் சொல்லும்.

*நடு மட்டும் பட்டையான பின் டயர்.* நேர்ச்சாலையில், பெட்டிகளும் பின்னிருக்கை ஆளுமாக, மணிக்கு 90, 100 கி.மீ. வேகத்தில் ஓடும் பைக்குகளில் இது தவிர்க்க முடியாதது. நடுப்பகுதியில் கெட்டியான ரப்பரும் தோள்களில் மென்மையான ரப்பரும் வைத்துச் சில டயர்களைச் செய்வதும் இதை ஓரளவு தள்ளிப்போடத்தான். பட்டையான டயர் உடனே சறுக்கிவிடாது. முதலில் குணம் மாறும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது நன்றாகத் தெரியும்: பைக் சாய மறுக்கும், நீங்கள் கூடுதலாகத் தள்ளுவீர்கள், பட்டையின் விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழுவதுபோலச் சாயும். அந்த நேரத்தில் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு குறுகிய விளிம்பு மட்டுமே. வளைவில் மணலோ எம்-சாண்ட் சிதறலோ இருந்தால் பின்சக்கரம் முன்னறிவிப்பின்றி விலகும். தோள்களில் 6 மி.மீ. ஆழம் இருக்கிறதே என்று இந்த டயரை நம்பி மலை ஏறக்கூடாது.

*ரம்பப் பல்லான முன் டயர்.* பிரேக்கின் வேலையில் பெரும்பகுதியை முன்சக்கரமே சுமப்பதால், உயரமான பட்டன்கள் ஒவ்வொரு முறையும் மடங்கி, ஒரு விளிம்பு மட்டும் தேய்கிறது. ஓரளவுக்கு இது பட்டன் டயரின் இயல்பு. சீக்கிரமே வந்தால் காரணம் தேடுங்கள். காற்று குறைவா? முன் சஸ்பென்ஷனில் எண்ணெய் கசிந்து துள்ளுகிறதா? ஹேண்டில்பார் திரும்பும் கோன்செட் தளர்ந்திருக்கிறதா? முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் கோன்செட்டின் தளர்வு கைக்குத் தெரியும். இதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் புது டயரும் அப்படியே தேயும். ரம்பப் பல் டயரின் அடையாளம், 40 கி.மீ. வேகத்தையொட்டி வரும் உறுமலும் கைப்பிடியில் உணரும் நடுக்கமும். பலர் வீல் பேரிங் போய்விட்டது என்று நினைத்து அதை மாற்றிவிட்டு, சத்தம் போகவில்லையே என்று வருந்துவார்கள்.

*ஒரு பக்கம் கூடுதல் தேய்மானம்.* நம் நாட்டில் இடப்புறம் ஓட்டுகிறோம். சாலை இடது ஓரம் நோக்கிச் சரிந்திருக்கும், வலது திருப்பங்கள் நீளமானவை. ஆகவே வலப்பக்கம் சற்று அதிகமாகத் தேய்வது இயல்பு. இடப்பக்கம் கூடுதலாகத் தேய்ந்தாலோ, வலப்பக்கம் மிக அதிகமாகப் போயிருந்தாலோ, பின்சக்கரம் நேராக இருக்கிறதா, பெட்டிகளின் எடை ஒரே பக்கம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

*பட்டன் துண்டு துண்டாகப் பெயர்வது.* கூரிய பாறைகளில் ஓட்டியதாலோ, பட்டன் அதிகமுள்ள டயரைச் சூடான தாரில் அதிவேகமாக விரட்டியதாலோ வரும். ஓரிரு சில்லுகள் போனால் பயமில்லை. பட்டனின் அடியில் துணி இழை தெரிந்தால் டயரைக் கழற்றுங்கள்.

*விரிசல்.* பக்கவாட்டில் முடியளவு மெல்லிய கோடுகள் வயதின் அடையாளம். நகம் உள்ளே இறங்கும் விரிசலும், பக்கவாட்டில் கட்டிபோன்ற புடைப்பும் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லும் எச்சரிக்கை. புடைப்பென்றால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. பைக்கை வண்டியில் ஏற்றித்தான் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எந்தத் தரைக்கு எவ்வளவு ஆழம்

சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அளவும் நான் சொல்லும் அளவும் ஒன்றல்ல. மழை பெய்யும் தாருக்கு 2 மி.மீ.க்குக் கீழே போனால் அந்த டயரோடு பருவமழையை எதிர்கொள்ளாதீர்கள். மண்ணுக்கும் சேற்றுக்கும் புது டயரின் ஆழத்தில் பாதி என்பதே எல்லை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் நனைந்தால் பள்ளங்களை அப்பிக்கொண்டு அடைத்துவிடும். பட்டன் உயரமாகவும் இடைவெளி அகலமாகவும் இருந்தால் சக்கரம் சுழலும் வேகத்தில் அது தெறித்து விழும். பாதி தேய்ந்த டயரில் ஒட்டியது ஒட்டியபடியே நின்று, டயரையே ஒரு மண் உருளையாக்கிவிடும். காய்ந்த சரளையில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. அங்கே வேகமும் காற்றும் சரியாக இருந்தால் பாதி தேய்ந்த டயரும் சமாளிக்கும்.

ஆழம் எவ்வளவு இருந்தாலும் உதவாத இடங்களும் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் அறுவடைக் காலத்தில் கேழ்வரகுக் கதிரையும் கொள்ளுக் கொடியையும் சாலையில் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் பிரேக்கைத் தொடாமல், சாயாமல், ஒரே சீரான வேகத்தில் நேராகக் கடந்துவிடுங்கள்.

காற்று: தேய்மானத்துக்கும் பிடிப்புக்கும் பொதுவான கடிவாளம்

அடிப்படை அளவு பைக்கின் கையேட்டில் இருக்கிறது. தனியாக ஓட்டும்போது ஒன்று, பின்னால் ஆளும் சுமையும் இருக்கும்போது வேறொன்று. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதை நிரப்ப வேண்டிய அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மண்ணில் இறங்கும்போது காற்றைக் குறைத்தால் டயர் தரையோடு கூடுதலாகப் படியும். ரிம்முக்குள் டியூப் இருக்கும் பைக்கென்றால் கையேட்டு அளவிலிருந்து 5 psi வரை குறைப்பதோடு நின்றுவிடுங்கள். அதற்கும் கீழே போய்க் கல்லில் மோதினால், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி அருகருகே இரண்டு ஓட்டைகள் விழும். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி மணல்போன்ற இடங்களில் இன்னும் குறைக்க ஆசை வரும். குறைத்தால் வேகத்தையும் நடைவேகத்துக்குக் கொண்டுவாருங்கள். தாருக்குத் திரும்பியதும் முதல் வேலை பம்ப்பை எடுப்பது. குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் ஏறினால் டயர் வளைந்து வளைந்து சூடேறும், தோள்கள் வேகமாகத் தேயும், டியூப் உள்ளே உரசி மெலியும்.

உயரமான மலைக்குப் போகிறவர்கள் இன்னொரு கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 psi. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் அது ஏறக்குறைய 9.5. வெளி அழுத்தம் குறைவதால், சென்னையில் 30 காட்டிய டயர், அதே வெப்பநிலையில் லேயில் 35 காட்டும். ஆனால் அங்கே குளிரும் இருக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் அளவு 1.5 psi அளவுக்கு இறங்கும். சென்னையில் 35 டிகிரியில் 30 நிரப்பியிருந்தால், லேயில் 5 டிகிரி விடியற்காலையில் ஏறக்குறைய 31, வெயில் ஏறி 25 டிகிரி ஆனதும் 34. மேலே போனவர்கள் நண்பகலில் அளந்து பார்த்து, அதிகமாக இருக்கிறதே என்று காற்றை இறக்குவார்கள். அதில் தவறில்லை. தவறு இறங்கும்போது நடக்கிறது. மேலே 30க்குக் குறைத்த டயர், சமவெளி வெயிலுக்கு வந்ததும் 26தான் காட்டும். முழுச் சுமையோடு நெடுஞ்சாலையில் போக அது போதாது. மலையிலிருந்து இறங்கிய அடுத்த காலையே அளந்து ஏற்றுங்கள்.

நெடும்பயணத்துக்கு முன் ஒரு கணக்கு

சென்னையிலிருந்து டெல்லி, மணாலி வழியாக லேக்கு ஒருவழித் தூரம் 3,000 கி.மீ.க்கு மேல். அதில் மணாலி–லே மலைப்பாதை கடைசி 430 கி.மீ. சொச்சம்தான். கிருஷ்ணகிரியில் 44ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடிப்பவர் பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா என்று நாட்கணக்கில் நேர்ச்சாலையில் ஓட்டுகிறார். பயணக்காலமோ பெரும்பாலும் மே, ஜூன். நாக்பூரில் வெயில் 45 டிகிரியைத் தொடும், தார் அதைவிட அதிகமாகக் கொதிக்கும். பட்டன் டயர் போட்டால்தான் லடாக்குக்கு நல்லது என்று நம்பிப் புதிதாகப் போட்டுக்கொண்டு கிளம்பியவரின் டயர், மலையடிவாரம் சேரும்போது நடுவில் பட்டையாகிவிட்டிருக்கும். எந்த மலைக்காக வாங்கினாரோ அந்த மலையில் பயன்படுத்த அந்தப் பட்டன் மிச்சமில்லை. பாரலாச்சா கணவாய்க்கு இருபுறமும் பனி உருகி ஓடும் நீரோடைகளைக் கடக்கும்போதுதான் அந்த இழப்பு புரியும்.

கிளம்புமுன் இதைச் செய்யுங்கள்:

1. புது டயரின் நடு ஆழத்தை எழுதுங்கள். உதாரணமாக 8 மி.மீ.

2. வழக்கமான சுமை, வழக்கமான வேகத்தில் 3,000 கி.மீ. ஓடியபின் மறுபடி அளந்து பாருங்கள். 6.5 இருந்தால் ஆயிரத்துக்கு 0.5 மி.மீ. போகிறது.

3. பயணத்தின் மொத்தத் தூரத்தை ஆயிரத்தால் வகுத்து, இந்த எண்ணால் பெருக்குங்கள். 7,500 கி.மீ. என்றால் 3.75 மி.மீ. நெடுஞ்சாலைச் சுமைக்கும் வெயிலுக்கும் இதில் பாதியைக் கூடுதலாகச் சேருங்கள். 5.6 வரும்.

4. கிளம்பும் நாளின் ஆழத்திலிருந்து கழித்துப் பாருங்கள். 6.5இல் 5.6 போனால் மிச்சம் 1 மி.மீ.கூட இல்லை. அந்த டயரோடு கிளம்பக்கூடாது. 8 மி.மீ. உள்ள புது டயரோடு கிளம்பினால் 2.4 மிஞ்சும், வீடு திரும்பலாம்.

பட்டன் உயரமான டயர்கள் முதல் சில ஆயிரத்தில் வேகமாகவும் பிறகு சற்று மெதுவாகவும் தேய்வதால், இது தோராயக் கணக்குதான். ஆனாலும் கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட எவ்வளவோ மேல்.

என் பரிந்துரை இது: முழுத் தூரமும் சாலையில் போகிறவர்கள் தார் அதிகம், மண் குறைவு என்று வடிவமைத்த டயரையே போடுங்கள். மணாலி–லே பாதையின் பெரும்பகுதி இன்று தார். 2020இல் அடல் சுரங்கம் திறந்தபின் ரோதங் கணவாயைக் கடக்கும் கட்டாயமும் இல்லை. அப்படிப்பட்ட டயர் அந்தப் பாதைக்குப் போதும். பட்டன் டயர்தான் வேண்டுமென்றால், டெல்லி அல்லது சண்டிகரில் போய் மாற்றிக்கொள்ள முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள், அல்லது பைக்கை ரயில் பார்சலில் அனுப்புங்கள். ரயிலில் ஏற்றுமுன் பெட்ரோலை முழுக்க வடித்துவிட வேண்டும். பட்டன் டயரோடு நெடுஞ்சாலையில் போயே ஆக வேண்டும் என்பவர்கள் 80ஐத் தாண்டாமல் ஓட்டுங்கள், பகல் 12 முதல் 4 வரை நிழலில் ஓய்வெடுங்கள். வேகமும் வெப்பமும் சேரும்போதுதான் தேய்மானம் எகிறுகிறது.

மாற்றும் நேரம்

வயதைப் பொறுத்தவரை, 5 ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுக்கொருமுறை தெரிந்தவரிடம் காட்டச் சொல்லியும், செய்த தேதியிலிருந்து 10 ஆண்டுகளில் எப்படியிருந்தாலும் கழற்றச் சொல்லியும் பல டயர் நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. நம் வெயிலில் திறந்த வெளியில் நிற்கும் பைக்குக்கு 10 ஆண்டு மிக அதிகம். நகம் பதியாத டயரை ஆழம் பார்க்காமல் மாற்றுங்கள். பொதுவாகப் பின் டயர் இரண்டு போகும் காலத்தில் முன் டயர் ஒன்று போகும். ஆனால் முன் டயர் ரம்பப் பல்லாகியிருந்தால் அந்தக் கணக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். பின்சக்கரம் நழுவினால் பெரும்பாலும் பைக்கைத் திரும்பப் பிடித்துவிடலாம். முன்சக்கரம் நழுவினால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

வாங்கும்போது அளவை மட்டும் சொல்லாதீர்கள். 120/90-17 64S என்று இருந்தால், கடைசி இரண்டும் முக்கியம். 64 என்பது 280 கிலோ சுமைக்கான குறியீடு, S என்பது மணிக்கு 180 கி.மீ. வேகத்துக்கானது. பைக்குக்குச் சொல்லப்பட்டதைவிடக் குறைந்த சுமைக் குறியீடுள்ள டயரை மலிவு என்று வாங்கிப் போட்டு, பெட்டிகளை ஏற்றாதீர்கள். கடையில் வாங்கும்போதே தயாரிப்பு வாரத்தையும் படித்துப் பாருங்கள்.

பிடிப்பைக் கெடுக்கும் பழக்கங்கள்

வாட்டர் வாஷ் கடையில் முடிவில் டயருக்குப் பளபளப்பு மருந்து அடிப்பார்கள். காருக்கு அது பக்கவாட்டோடு நிற்கும். பைக் சாயும்போது தோள்வரை தரையைத் தொடுவதால், அங்கே பட்ட மருந்து முதல் வளைவிலேயே உங்களைக் கீழே தள்ளலாம். "டயருக்கு எதுவும் அடிக்காதீங்க தம்பி" என்று கழுவத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

செயினுக்கு எண்ணெய் தெளிக்கும்போது பின் டயருக்கு முன்னால் ஒரு அட்டையைப் பிடியுங்கள். பட்டுவிட்டால் சோப்பு நீரால் கழுவி, காய்ந்தபின் எடுங்கள்.

கழற்றி வைத்த டயரை மொட்டை மாடியில் போடாதீர்கள். இருட்டான, குளிர்ந்த அறையில் வையுங்கள். மோட்டார் பம்ப்பும் வெல்டிங்கும் ஓசோனை உண்டாக்கும். அவற்றின் பக்கத்திலும் டயர் வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் பஞ்சர் ஆனால் ஒட்டி ஓட்டாதீர்கள். தரையைத் தொடும் பகுதிக்கு மட்டுமே ஒட்டு.

புது டயரோடு முதல் 200 கி.மீ.

1. சுழற்சித் திசையைக் காட்டும் அம்புக்குறி சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். முன், பின் சக்கரங்களுக்குத் தனித்தனி அம்பு போட்ட டயர்களும் உண்டு.

2. டியூப் வகை என்றால் டயரோடு டியூபையும் மாற்றுங்கள். பழைய டியூப் விரிந்து பெருத்திருக்கும். புது டயருக்குள் மடிந்து, மடிப்பில் கிழியும்.

3. டயரின் ஓரத்தில் ரிம்மையொட்டிச் சுற்றிவரும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே அமுங்கியிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி நிரப்பச் சொல்லுங்கள்.

4. பேலன்சிங் செய்துகொள்ளுங்கள். குறிப்பாக முன்சக்கரத்துக்கு.

5. முதல் 200 கி.மீ. வரை பலமான பிரேக், கடுமையான முடுக்கம், ஆழமான சாய்வு மூன்றையும் தவிருங்கள். புது ரப்பரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். சாய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டினால்தான் தோள்வரை அது உரிந்து சொரசொரப்பாகும். மழை பெய்தால் இந்தத் தூரம் இன்னும் நீளும்.

6. 200 கி.மீ. முடிந்ததும், ஆள்நடமாட்டமில்லாத காய்ந்த தாரில், ஹெல்மெட்டும் கையுறையும் அணிந்து, 30 கி.மீ. வேகத்திலிருந்து சீராக அழுத்தி நின்று பாருங்கள். ஏபிஎஸ் எப்போது துடிக்கிறது, எத்தனை அடியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கொருமுறை அதே இடத்தில், அதே காற்றில் இதையே செய்யுங்கள். ஏபிஎஸ் முன்பைவிடச் சீக்கிரம் துடித்தால், ஆழம் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் கெட்டிப்படத் தொடங்கிவிட்டது என்று எண்ணி, முதலில் சொன்ன சோதனையின் ஒன்பதாவது படிக்குத் திரும்பிப் போங்கள்.

7. மறுநாள் காலை குளிர்ந்த டயரில் காற்றை அளந்து, ஒன்பது ஆழங்களையும் ஓடோமீட்டர் எண்ணையும் நோட்டின் புதுப் பக்கத்தில் எழுதுங்கள். ஸ்போக்ஸ் ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் தட்டிக் கேளுங்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்திருக்கிறது, அதைக் கடையில் காட்டி முறுக்கிக்கொள்ளுங்கள்.